முதுகெலும்பின் தொடக்க இருப்பு

வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் ‘தொடக்க இருப்பு’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரு கணக்கில் இன்று நிற்கும் தொகை சரிதானா என்பதை, அது எந்தத் தொகையில் தொடங்கியது என்று அறியாமல் சொல்ல இயலாது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த உண்மையைப் பிறருடைய கணக்குகளில் கண்டு பழகிய நான், என் முதுகெலும்பின் கணக்கில் அதை மறந்துபோனேன். முதுகெலும்பில் திருகும் கம்பியும் பொருத்திக்கொண்டவர்கள் இன்று நம் வாடிக்கையாளர் குடும்பங்களிலும் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு என் அனுபவம் பயன்படக்கூடும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், புனே நகரில் பணியாற்றியபோது எனக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. இடுப்புப் பகுதியில் உள்ள ஐந்து முள்ளெலும்புகளில் கடைசி எலும்பு, தன் கீழுள்ள திரிக எலும்பின் மீது சற்றே முன்னால் நழுவியிருந்தது. அதனால் நரம்பு நெருக்கப்பட்டு, இடக் காலில் மின்சாரம் பாய்வது போன்ற வலி. கிளையில் முகப்பிலிருந்து பெட்டக அறை வரை நடப்பதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. மருந்தும் உடற்பயிற்சியும் பல மாதங்கள் பார்த்த பிறகே மருத்துவர் அறுவைக்கு நாள் குறித்தார். நான்கு திருகுகள், இரண்டு கம்பிகள், இரு எலும்புகளுக்கும் நடுவே ஒரு சிறு கூண்டு. இவை என் உடலுக்குள் சென்றன. கண்விழித்தபோது கால் வலி இல்லை. மூன்றாம் மாதம் வழக்கம்போல் பணிக்குத் திரும்பினேன். கதை அத்தோடு முடிந்தது என்று எண்ணினேன்.

உலோகம் வெறும் சாரமே

திருகும் கம்பியும்தான் முதுகைத் தாங்கி நிற்கின்றன என்று பலரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் உலோகம், கட்டடம் எழும்போது கட்டப்படும் சாரத்தைப் போன்றது. கூண்டின் உள்ளேயும் சுற்றிலும் மருத்துவர் எலும்புத் துகள்களை வைக்கிறார். அத்துகள்களின் வழியாகப் புதிய எலும்பு வளர்ந்து, மேலெலும்பையும் கீழெலும்பையும் ஒன்றாக்க வேண்டும். அதற்குப் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். சிலருக்கு அதற்கும் மேலாகலாம். அதுவரை எலும்புகள் அசையாமல் பிடித்துக்கொள்வதே உலோகத்தின் வேலை.

எலும்பு இணைந்துவிட்டால் சுமையை எலும்பே ஏற்றுக்கொள்ளும். இணையாவிட்டால், ஒவ்வொரு அடி நடையிலும், ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் சுமை உலோகத்தின் மீதே விழும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒருநாள் அது முறிகிறது அல்லவா? அதுபோலவே திருகு எலும்பில் தளரலாம், கம்பி முறியலாம். ஆகவே அறுவைக்குப் பிந்தைய மாதங்கள், எலும்பின் வளர்ச்சிக்கும் உலோகத்தின் சோர்வுக்கும் இடையே நடக்கும் போட்டி என்று மருத்துவர்கள் கூறுவதுண்டு. அந்தப் போட்டியில் யார் முந்துகிறார் என்பதை வெளியிலிருந்து காண நமக்கிருக்கும் முதன்மையான வழி மருத்துவப் படங்களே.

இந்தக் கருவிகளின் வரலாறு நீண்டது அன்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்ற மருத்துவர், வளைந்த முதுகெலும்பை நிமிர்த்த உலோகத் தண்டுகளைப் பயன்படுத்தும் முறையை 1950களில் உருவாக்கத் தொடங்கினார். முள்ளெலும்பின் பின்புறத் தூண் போன்ற பகுதியின் வழியாகத் திருகைச் செலுத்தும் முறையை 1960களில் பிரான்சு நாட்டின் ரேமண்ட் ராய்-கமில் கையாண்டார். இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் நடைபெறும் இணைப்பு அறுவைகள் அந்தத் திருகின் வழிவந்தவையே.

மூன்று வகைப் படங்கள், மூன்று வகைக் கேள்விகள்

முதலாவது, நாம் அனைவரும் அறிந்த எக்ஸ்ரே. 1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் கண்டறிந்த கதிர் இது. நூற்றாண்டு கடந்தும், பொருத்திய கருவியைக் கண்காணிப்பதில் முதலிடம் இதற்கே. காரணம், இது ஒன்றே நின்ற நிலையில் எளிதாக எடுக்கக்கூடியது. படுத்திருக்கும்போது முதுகெலும்பின் மீது உடலின் பாரம் இறங்குவதில்லை. நிற்கும்போதுதான் நழுவல் இருந்தால் வெளிப்படும். எனவே அறுவைக்குப் பின் முன்பக்கமாக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக, நின்றபடி இரண்டு படங்கள் எடுப்பது வழக்கம். ஐயம் இருந்தால், முன்னால் குனிந்தும் பின்னால் சாய்ந்தும் மேலும் இரண்டு படங்கள் எடுப்பார்கள். இணைந்துவிட்ட எலும்புகளுக்கு இடையே அசைவு இருக்கலாகாது. கோணம் மாறினால் இணைப்பில் குறை உள்ளது என்று பொருள்.

அந்தப் படத்தில் மருத்துவர் எவற்றைத் தேடுகிறார்? திருகைச் சுற்றி மெல்லிய கருங்கோடு தெரிகிறதா என்று பார்க்கிறார். எலும்பு திருகை இறுகப் பற்றியிருந்தால் இரண்டும் ஒட்டியே தெரியும். திருகைச் சுற்றி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கருவளையம் தெரிந்தால், அது தளர்ந்திருக்கலாம். அடுத்து, கூண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறதா, எலும்புக்குள் அமிழ்ந்துவிட்டதா என்று அளக்கிறார். இப்போது பல கூண்டுகள் ‘பீக்’ எனப்படும் வலிய நெகிழிப் பொருளால் ஆனவை. அப்பொருள் எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் அதனுள் டாண்டலம் என்ற உலோகத்தாலான சிறு குறிகளைப் பதித்திருப்பார்கள். படத்தில் தனியே தெரியும் அந்தப் புள்ளிகளே கூண்டின் இருப்பிடத்தைச் சொல்கின்றன. இறுதியாக, இணைத்த எலும்புகளுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளையும் பார்க்கிறார். ஓரிடம் அசைவை இழந்தால் அதன் பளு பக்கத்து மூட்டின் மீது விழுவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே தேய்மானம் தோன்றக்கூடும்.

இரண்டாவது, சி.டி. ஸ்கேன். 1971ஆம் ஆண்டு லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட இந்த முறைக்காக, காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டும் ஆலன் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். எலும்பு உண்மையிலேயே இணைந்துள்ளதா என்ற கேள்விக்குப் படங்களில் மிகத் தெளிவான விடை தருவது இதுவே. மெல்லிய துண்டுகளாக எடுக்கப்படும் படத்தில், மேலெலும்பிலிருந்து கீழெலும்பு வரை எலும்புப் பாலம் தொடர்ந்து ஓடுகிறதா என்று காணலாம். உலோகத்தைச் சுற்றி ஒளிக்கீற்றுகள் பரவிப் படத்தைக் கெடுப்பது இதன் குறை. அவற்றைக் குறைக்கும் மென்பொருள்கள் இப்போது பல கருவிகளில் உள்ளன. உடலில் திருகுகள் இருப்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால், அதற்கேற்ப அவர் அமைத்துக்கொள்வார்.

மூன்றாவது, எம்.ஆர்.ஐ. நரம்பு, இடைத்தட்டு, தசை, சீழ் போன்ற மென்மையானவற்றைக் காட்டுவதில் இதற்கு இணையில்லை. மீண்டும் கால் வலி வந்தாலோ, தொற்று ஏற்பட்டிருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலோ இதனை நாடுவார்கள். உடலில் உலோகம் இருக்கும்போது காந்தப் பெட்டிக்குள் போகலாமா என்று பலர் அஞ்சுகிறார்கள். இன்று முதுகில் பொருத்தப்படும் கருவிகளில் பெரும்பாலானவை டைட்டானியம் கலந்த உலோகத்தால் ஆனவை. காந்தம் அவற்றை இழுப்பதில்லை. எனினும் எந்த நிறுவனத்தின் எந்தக் கருவி என்ற விவரத்தைக் காட்டிய பிறகே உள்ளே செல்ல வேண்டும். உலோகத்தை ஒட்டிய பகுதி படத்தில் மங்கலாகவே தெரியும். அந்த மங்கல் 3 டெஸ்லா கருவியைவிட 1.5 டெஸ்லா கருவியில் பொதுவாகக் குறைவு. எனவே பெரிய கருவியே சிறந்த படம் தரும் என்ற எண்ணம் திருகு பொருத்தியவர்களுக்குப் பொருந்தாது.

அடிக்கடி படம் எடுத்தால் கதிர்வீச்சு தீங்கு செய்யாதா? நியாயமான கேள்வி. இயற்கையில் நிலத்திலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒரு மனிதர் ஆண்டுதோறும் பெறும் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். இடுப்பு முதுகெலும்பின் எக்ஸ்ரே பரிசோதனைக்குச் சுமார் 1.5, அதே பகுதியின் சி.டி. ஸ்கேனுக்குச் சுமார் 6. எம்.ஆர்.ஐ.யில் இவ்வகைக் கதிர்வீச்சே இல்லை. எனவேதான் மருத்துவர்கள் எக்ஸ்ரேயை வழக்கமான கண்காணிப்புக்கும், சி.டி.யைக் குறிப்பான கேள்வி எழும்போதும் பயன்படுத்துகிறார்கள். ‘எதற்கும் ஒன்று எடுத்துவைப்போம்’ என்று நாமே சி.டி. எடுத்துக்கொள்வது சரியன்று. மருத்துவர் எழுதிக்கொடுத்த எக்ஸ்ரேயை அச்சத்தால் தவிர்ப்பதும் சரியன்று. கருவுற்றிருப்பவர்கள் அதனை முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும்.

தவறவிட்ட ஒரு தணிக்கை

என் கதைக்கு வருகிறேன். வீடு திரும்பும்போது தந்த குறிப்பில், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு, ஈராண்டு என்று படம் எடுக்க வேண்டிய காலங்கள் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. முதல் மூன்றையும் தவறாமல் முடித்தேன். 2022ஆம் ஆண்டு சூன் மாதம் எனக்குப் போபாலுக்கு மாறுதல் வந்தது. புதிய ஊர், புதிய கிளை, பிள்ளைகளுக்குப் புதிய பள்ளி. ஆகஸ்டில் வர வேண்டிய ஓராண்டுப் படம், ‘அரையாண்டுக் கணக்கு முடியட்டும்’ என்று தள்ளிப்போயிற்று. அதன்பின் மார்ச் முடியட்டும் என்றாயிற்று. வலி இல்லை, பிறகு என்ன அவசரம்?

இதில் பணக்கணக்கும் ஒன்று இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பல மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் 60 நாள்கள் வரையிலான தொடர் செலவுகளையே ஏற்கின்றன. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்ற பொதுத்தரத் திட்டத்திலும் அதே 60 நாள்கள்தாம். என் ஆறாம் வாரப் படத்திற்குக் காப்பீடு பணம் தந்தது. அதற்குப் பிந்தையவை என் பையிலிருந்து. அறுவைக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் சில நூறு ரூபாய்தான். ஆனால் காப்பீடு கைவிட்டுவிட்ட ஒன்று, அவசியமற்றது என்பதுபோல் மனத்தில் பதிந்துவிடுகிறது. எலும்பு இணையும் காலம் ஓராண்டு. காப்பீடு துணைவரும் காலமோ இரண்டு மாதம். இந்த இடைவெளியை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

2023 ஏப்ரலில் இடுப்பில் மந்தமான வலி தொடங்கியது. காலையில் எழும்போது சற்றுக் குறைவு, மாலையில் மிகுதி. போபாலில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயை ஒளிப்பெட்டியில் மாட்டிப் பார்த்தவர், கீழிருந்த இரு திருகுகளைச் சுற்றி மெல்லிய கருவளையம் இருப்பதைக் காட்டினார். பிறகு அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “அறுவை முடிந்ததும் எடுத்த பழைய படம் எங்கே?”

என்னிடம் இல்லை. கருவளையம் தொடக்கத்திலிருந்தே இருந்ததா, இப்போது தோன்றியதா, விரிந்துகொண்டே போகிறதா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்ல இயலாது என்றார் அவர். வீட்டிற்கு வந்து, மாறுதலின்போது கட்டிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தேடினேன். என் மனைவி சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது: “ஊரார் பத்திரங்களையெல்லாம் இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறீர்கள். உங்கள் முதுகின் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியவில்லையே!”

அறுவை நடந்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். மென்பொருள் மாற்றியதில் பழைய படங்களைத் தேடி எடுக்க நாளாகும் என்றார்கள். இரண்டு வாரங்கள் கழிந்தன. இறுதியில், மகளின் பழைய பாடப்புத்தகங்களுக்கு நடுவே, வீடு திரும்பிய நாளில் தந்த குறுந்தகடு கிடைத்தது. அதைத் திறக்க வீட்டுக் கணினியில் இடமில்லை. ஸ்கேன் நிலையத்தில் திறந்தார்கள். 2021இன் படத்தையும் 2023இன் படத்தையும் அருகருகே வைத்தபோது மருத்துவர் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அன்று திருகை எலும்பு ஒட்டியிருந்தது, இன்று இடைவெளி. கூண்டும் சற்றே அமிழ்ந்திருந்தது.

பிறகு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புப் பாலம் உருவாகவில்லை என்று அது காட்டியது. மெதுவாகப் பரவும் தொற்றினாலும் திருகு தளரலாம் என்பதால் இரத்தப் பரிசோதனைகளும் செய்தார்கள்; தொற்று இல்லை. சூன் மாதம் மறுபடியும் அறுவைச் சிகிச்சை. தளர்ந்த திருகுகளை நீக்கி அவற்றைவிடப் பருமனானவற்றைப் பொருத்தி, புதிதாக எலும்பு ஒட்டும் வைத்தார்கள்.

ஓராண்டிலேயே வந்திருந்தால் இரண்டாம் அறுவையைத் தவிர்த்திருக்கலாமா என்று அந்த மருத்துவரிடம் கேட்டேன். அப்படி உறுதி கூற முடியாது என்றார். தளர்ந்த திருகு உள்ள எல்லோருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை என்றும், வலியின்றி வாழ்பவர்களைக் கண்காணிப்பிலேயே விட்டுவிடுவதுண்டு என்றும் சொன்னார். படத்தோடு நோயாளியின் வலி, நடை, நரம்பின் வலு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கப்படுகிறது. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். குறை முன்னரே தெரிந்திருந்தால், நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவது, எலும்பின் வலுவைச் சோதித்து மருந்து தருவது, அடிக்கடி படமெடுத்துக் கவனிப்பது என்று எண்ணிப்பார்க்க எங்களுக்குக் காலம் இருந்திருக்கும் என்றார். நான் இழந்தது அந்தக் காலத்தை. வலி இல்லை என்பதை எலும்பு இணைந்துவிட்டது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டது என் பிழை.

நீங்கள் செய்து வைக்கக் கூடியவை

உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ இத்தகைய அறுவை நடந்திருந்தால், கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

1. அறுவைக்குப் பின் நின்ற நிலையில் எடுத்த முதல் எக்ஸ்ரேயே உங்கள் தொடக்க இருப்பு. அதனை வீட்டுப் பத்திரத்திற்கு இணையாகப் பாதுகாத்து வையுங்கள்.

2. படத்தைக் கைப்பேசியில் பிடித்து வைத்தால் போதாது. மருத்துவப் படங்களுக்கென உலகெங்கும் வழங்கும் ‘டைகாம்’ வடிவக் கோப்பாகவே கேட்டுப் பெறுங்கள். அதில்தான் அளவெடுத்து ஒப்பிட முடியும். குறுந்தகட்டில் தந்தால், பென் டிரைவிலும் ஒரு படி எடுத்து வையுங்கள்.

3. கருவியின் நிறுவனம், வகை, அளவு ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டின் படியையும் அறுவைக் குறிப்பையும் கேட்டுப் பெறுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும், மறு அறுவை தேவைப்பட்டாலும் இவை இன்றியமையாதவை.

4. மைய அரசு 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின்கீழ், 14 இலக்க ‘ஆபா’ எண் பெறலாம். அதில் இணைந்துள்ள மருத்துவமனைகளின் அறிக்கைகளை உங்கள் ஒப்புதலோடு ஓரிடத்தில் காணலாம். ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பங்களுக்கு இது பெரிதும் உதவும்.

5. அறுவைக்குப் பணம் திரட்டும்போதே, ஈராண்டுக்கான படங்களுக்கும் மருத்துவர் கட்டணத்திற்கும் ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள். சிறிய தொடர்வைப்புக் கணக்கு ஒன்றே இதற்குப் போதும். காப்பீட்டுப் பத்திரத்தில் அறுவைக்குப் பிந்தைய செலவு எத்தனை நாள்கள் வரை ஏற்கப்படும் என்ற வரியையும் படித்து வையுங்கள்.

6. புகைபிடித்தல், கட்டுப்படாத சர்க்கரை, எலும்பு மென்மை ஆகியவை எலும்பு இணைவதைத் தாமதப்படுத்தலாம்; திருகின் பிடிப்பையும் குறைக்கலாம். வயது முதிர்ந்தோர் எலும்பின் அடர்த்தியை அளக்கும் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

7. காய்ச்சல், தையலில் நீர் கசிதல், காலில் புதிதாகத் தோன்றும் பலவீனம், சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் அடுத்த படத்தின் நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் அறுவைக்குப் பின் ஒவ்வொரு படத்தையும் குறித்த நாளில் எடுத்துவருகிறேன். ஓராண்டு முடிந்தபோது எடுத்த படத்தில், கூண்டின் ஊடாக வெண்ணிறப் பாலம் ஒன்று மேலிருந்து கீழ்வரை ஓடுவதை மருத்துவர் விரலால் தொட்டுக் காட்டினார். அந்தப் படங்கள் இப்போது ஒரே உறையில், நாள்வரிசையில், வீட்டின் பத்திரங்களோடு இருக்கின்றன. அடுத்த மாறுதல் எந்த ஊருக்கு என்று தெரியாது. எந்த ஊராயினும் அந்த உறை என் கைப்பையில்தான் பயணம் செய்யும், அட்டைப்பெட்டியில் அன்று.